வீட்டுத் தரைத்தளத்தில் மாவு மில்: தெருவை யார் 'கமர்ஷியல்' ஆக்க முடியும்?

கேள்வி இதுதான். வடசென்னை கொருக்குப்பேட்டையில் 14 அடித் தெரு. சொந்த வீட்டின் தரைத்தளத்தில் 300 சதுர அடி இடம். அரிசி, கோதுமை, மிளகாய் அரைத்துக் கொடுக்கும் சின்ன மில் வைக்க விருப்பம். த்ரீ பேஸ் கேட்டுப் போனால் மின்வாரியத்தில் பிளான் கேட்கிறார்கள். மெஷின் வந்து இறங்குவதற்கு முன்பே பக்கத்து வீட்டுக்காரர் மாநகராட்சிப் புகார் எண் 1913-க்குப் போன் போட்டுப் புகார் சொல்லிவிட்டார். இதற்கிடையில் ஒருவர், "கவுன்சிலரிடம் சொல்லி மன்றத்தில் ஒரு தீர்மானம் போட்டால் தெருவே கமர்ஷியல் ஆகிவிடும்" என்கிறார். ஆகுமா?

ஆகாது. அந்த நம்பிக்கையில் மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். ஒரு நிலத்தில் என்ன தொழில் செய்யலாம் என்பது மாஸ்டர் பிளானில், அதாவது நகரின் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தில், அந்த சர்வே நம்பருக்கு எழுதப்பட்டிருக்கிறது. இப்போது நடப்பில் இருப்பது இரண்டாவது மாஸ்டர் பிளான், 2008 செப்டம்பர் 2 அன்று அரசாணையாக வந்தது, 2026 வரையிலான தேவையை மனதில் வைத்துப் போட்டது. அதைத் தயாரித்தது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், அதாவது சி.எம்.டி.ஏ. ஒப்புதல் தந்தது மாநில அரசு. மாநகராட்சி மன்றம் அதில் ஒரு எழுத்தைக்கூடத் தானாக மாற்ற முடியாது. தீர்மானம் போடலாம், பரிந்துரைத்து அனுப்பலாம், அவ்வளவுதான். மன்றத்தின் கையில் இருப்பவை வேறு: தொழில் உரிமக் கட்டணம், மாநகராட்சிக் கடைகளின் வாடகை, சந்தைகள், தெரு வேலைகள். உங்கள் கவுன்சிலர் நல்ல மனதோடு சொல்லியிருக்கலாம். ஆனாலும் அந்தத் தீர்மானத்தை வைத்துக்கொண்டு மில் ஓட்ட முடியாது.

இங்கே ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். சென்னையில் 'மண்டலம்' என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது மாநகராட்சியின் 15 நிர்வாக மண்டலங்கள். வடசென்னையில் திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் என்று 1 முதல் 6 வரை. கொருக்குப்பேட்டை 4-வது மண்டலம். உரிமம், வரி, குப்பை எல்லாம் அந்த அலுவலகம். ஆனால் 'குடியிருப்பு மண்டலமா, வணிக மண்டலமா' என்று கேட்பது நிலப் பயன்பாட்டைப் பற்றியது. அதற்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை. மண்டல அலுவலகத்தில் போய் "என் மண்டலம் என்ன" என்று கேட்டு, "நாலு" என்ற பதிலோடு திரும்பி வருபவர்கள் நிறையப் பேர். "என் சர்வே நம்பருக்கு மாஸ்டர் பிளானில் என்ன நிலப் பயன்பாடு" என்று கேளுங்கள்.

அதைக் கண்டுபிடிக்க முதலில் சரியான சர்வே நம்பர் வேண்டும். வடசென்னையில் பாதி வேலை இதிலேயே தடுமாறும். பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, ஜார்ஜ் டவுன் பக்கத்துப் பழைய பத்திரங்களை எடுத்துப் பாருங்கள்: ஓ.எஸ். நம்பர் ஒன்று, ஆர்.எஸ். நம்பர் ஒன்று, சி.சி. நம்பர் ஒன்று என்று மூன்று எண்கள் வரிசையாக இருக்கும். ஓ.எஸ். பழைய சர்வே, ஆர்.எஸ். மறு சர்வே, சி.சி. என்பது கலெக்டர் சர்டிபிகேட் எண். இதில் எதையாவது ஒன்றை எடுத்துக்கொண்டு தேடினால் யாரோ ஒருவருடைய நிலத்தின் விவரம் வரும். தாலுகா அலுவலகத்தில் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை, டி.எஸ்.எல்.ஆர். எக்ஸ்ட்ராக்ட் என்பார்கள், வாங்குங்கள். அதில் பிளாக் எண், நகர சர்வே எண், அதற்கு நேரான பழைய எண், பரப்பளவு, உரிமையாளர் பெயர் எல்லாம் ஒரே வரியில் இருக்கும். அந்தப் பிளாக் எண்ணையும் சர்வே எண்ணையும் வைத்து சி.எம்.டி.ஏ. இணையதளத்தில் நிலப் பயன்பாட்டுத் தகவல் பக்கத்தில் பாருங்கள். வட்டம், கிராமம், பிளாக், சர்வே எண் கொடுத்தால் வகை வந்துவிடும். திரையில் வருவது உங்கள் தெளிவுக்கு. வங்கிக்கோ பிளான் விண்ணப்பத்துக்கோ வேண்டுமென்றால் எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையில் உள்ள சி.எம்.டி.ஏ.விடம் கட்டணம் கட்டி எழுத்து மூலம் வாங்கிவிடுங்கள்.

வரக்கூடிய விடை பெரும்பாலும் இரண்டில் ஒன்று: முதன்மைக் குடியிருப்பு (பெரும்பாலும் வீடுகளுக்கானது) அல்லது கலப்புக் குடியிருப்பு (வீடும் தொழிலும் கலந்தது). வணிகம், தொழில், நிறுவனம், திறந்தவெளி என்று மற்ற வகைகளும் உண்டு. முதன்மைக் குடியிருப்பு என்று வந்தால் கடையே வைக்கக் கூடாது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. மளிகை, பால், பேப்பர், சைக்கிள் ரிப்பேர், தையல் போல அன்றாடத் தேவைக்கான சின்னக் கடைகளுக்கு அங்கேயும் இடம் உண்டு. மில் விஷயம் வேறு. மெஷின் ஓடும் தொழிலுக்கு 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் ஒவ்வொரு வகைக்கும் தனிப் பட்டியல் இருக்கிறது. தொழிலின் பெயர், மோட்டாரின் மொத்தக் குதிரைத்திறன், தெரு அகலம் போன்றவற்றை வைத்துத்தான் அனுமதி. உங்கள் சர்வே நம்பருக்கு வந்த வகையின் பத்தியை மட்டும் அச்செடுத்து, வரம்புக்குக் கீழே கோடு போட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த விதிகளுக்கு அடிக்கடி திருத்தம் வருகிறது. எனவே எந்தத் தேதி வரையிலான திருத்தம் சேர்ந்த பிரதி என்பதையும் பார்த்துவிடுங்கள்.

குதிரைத்திறனைக் கணக்கிடுவதில் ஒரு பெரிய தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. மோட்டாரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்ன உலோகத் தகட்டில் பெரும்பாலும் கிலோவாட்டில்தான் போட்டிருப்பார்கள். 1 எச்.பி. என்பது 0.746 கிலோவாட். தகட்டில் 3.7 இருந்தால் 5 எச்.பி., 5.5 இருந்தால் ஏழரை, 7.5 இருந்தால் 10. தகட்டில் உள்ள 7.5-ஐப் பார்த்து 'ஏழரை எச்.பி.' என்று விண்ணப்பத்தில் எழுதினால், ஆய்வுக்கு வருபவர் 10 என்று எழுதிக்கொண்டு போவார். அதன் பிறகு நீங்கள் பொய் சொன்னதாகத்தான் கோப்பில் நிற்கும். இன்னொன்று, வரம்பு ஒரு மோட்டாருக்கு அல்ல, மொத்தத்துக்கு. மாவு மெஷின், மிளகாய் மெஷின், தூசி இழுக்கும் புளோயர் மூன்றையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். "இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்ட மாட்டோம்" என்ற விளக்கம் எடுபடாது.

தெரு அகலமும் அப்படித்தான். நீங்கள் 14 அடி என்கிறீர்கள். எங்கே அளந்தது? வீட்டு வாசலில் அளந்தால் போதாது. மெயின் ரோட்டிலிருந்து உங்கள் வீடு வரை வரும் வழியில் எங்கே மிகக் குறுகலாக இருக்கிறதோ அந்த இடத்தில் டேப் பிடித்துப் பாருங்கள். நம் தெருக்களில் படிக்கட்டும் சிமெண்ட் திண்ணையும் மழைநீர் வடிகால் வரை இறங்கி வந்திருக்கும். பதிவேட்டில் 16 அடி இருக்கும், தரையில் 12 அடிதான் கிடைக்கும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள், சர்வேயர் வரும்போது பேச உதவும்.

அடுத்து, "சொந்த வீடு, புதிதாக எதுவும் கட்டவில்லை, எதற்கு அனுமதி" என்ற கேள்வி. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 'வளர்ச்சி' என்ற சொல்லுக்குள் கட்டடப் பயன்பாட்டை மாற்றுவதும் அடக்கம். குடியிருப்பு என்று அனுமதி வாங்கிய தரைத்தளத்தில் ஒரு செங்கல்கூட நகர்த்தாமல் மில் வைத்தாலும் அது பயன்பாட்டு மாற்றம், திட்ட அனுமதி தேவை. 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தைச் சிலர் இதற்குக் காட்டுகிறார்கள். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்கு உடனடி அனுமதி தரும் திட்டம் அது. வீட்டுக்கு மட்டும்தான். அந்த வழியில் பிளான் வாங்கிவிட்டுக் கீழே கடையோ மில்லோ வைத்தால், அந்த அனுமதியே உங்களுக்கு எதிரான ஆவணமாகிவிடும். வண்டி நிறுத்த விட்ட தரைத்தளத்தை ஷட்டர் போட்டு அடைப்பதும் அப்படித்தான். சீல் வைக்கப்படும் சின்னக் கட்டடங்களில் இந்தக் குற்றம் மிகச் சாதாரணம்.

மின்வாரியம் பிளான் கேட்பதற்கும் காரணம் இதுதான். 2019 விதிகளின்படி, விலக்குப் பெற்ற வகைகள் தவிர மற்ற கட்டடங்களுக்கு, பிளான்படி கட்டி முடித்ததற்கான நிறைவுச் சான்று இருந்தால்தான் மின் இணைப்பு. வீட்டு இணைப்பிலிருந்தே ஒயர் இழுத்து மெஷின் ஓட்டலாம் என்ற யோசனை வந்தால் விட்டுவிடுங்கள். கட்டண வகை மாறிப் பயன்படுத்தியதற்கு வாரியம் பின்தேதியிட்டுக் கணக்குப் போடும், வீட்டு இணைப்பும் சேர்ந்து துண்டாகும்.

தொழில் உரிமத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வடசென்னையில் அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான். மாநகராட்சி தரும் உரிமத்தைப் பிரேம் போட்டு மாட்டிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். அந்த உரிமம் சுகாதாரம், தொல்லை, பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. நிலப் பயன்பாட்டை அது மாற்றாது. வருடா வருடம் உரிமம் புதுப்பித்தவருக்கும் திட்டமிடல் சட்டத்தில் நோட்டீஸ் வரலாம். 1919-ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டம் போய், 1998-இன் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரல் 13 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. பழைய பிரிவு எண்ணைப் போட்டு அச்சடித்த படிவத்தை யாராவது விற்றால் வாங்காதீர்கள். உரிமம் நிதியாண்டுக் கணக்கு, மார்ச் 31-க்குள் புதுப்பிக்க வேண்டும். சொத்துவரி பாக்கி இருந்தால் அங்கேயே நிற்கும். உணவுப் பாதுகாப்புப் பதிவும் தராசு முத்திரையும் தனி. அவை சிக்கல் தருபவை அல்ல.

இடம் வாரியக் குடியிருப்பாக இருந்தால் இதுவரை சொன்னது எதற்கும் போக வேண்டாம். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் ஒதுக்கீட்டு ஆணையில் வீடாக மட்டும் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கோயில் நிலம், அறக்கட்டளை நிலம் என்றால் குத்தகைப் பத்திரத்தைப் பாருங்கள். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் கடலோரம் என்றால் உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் அலை ஏறி வரும் எல்லையிலிருந்து, 500 மீட்டருக்குள் கடலோர ஒழுங்குமுறை விதிகளும் சேர்ந்து வரும்.

இப்போது கலப்புக் குடியிருப்பு என்று வந்தது, குதிரைத்திறன் வரம்புக்குள், தெரு அகலமும் சரி என்று வைத்துக்கொள்வோம். புகார் கொடுத்தவர் மீண்டும் கொடுப்பார். அவருக்கும் நியாயம் இருக்கிறது. மிளகாய் அரைக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கைக்குழந்தை தூங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் அனுமதிக் கோப்பைவிட மெஷினை நீங்கள் வைக்கும் விதம்தான் அடுத்த பத்து வருடத்தைத் தீர்மானிக்கும்.

பொதுச் சுவரிலிருந்து மெஷினைத் தள்ளி வையுங்கள், சுவரில் எந்தத் தாங்கியையும் அடிக்காதீர்கள். தரையில் நேராக போல்ட் போட்டு இறுக்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அதிர்வு தளத்தில் ஓடி, அஸ்திவாரம் வழியாக அடுத்த வீட்டுக் கட்டில் வரை போகும். மெஷினும் மோட்டாரும் உட்கார, தரையை வெட்டித் தனிக் கான்கிரீட் மேடை போடுங்கள். மேடையின் எடை மெஷின் எடையைப்போல் குறைந்தது மூன்று மடங்கு இருக்க வேண்டும். மெஷினும் மோட்டாரும் சேர்ந்து 200 கிலோ என்றால் மேடை 600 கிலோ, அதாவது கால் கன மீட்டர் கான்கிரீட். மேடைக்கும் தரைக்கும் நடுவில் ஒரு அங்குல இடைவெளி விட்டு அதைத் தெர்மோகோல் வைத்து நிரப்புங்கள், சிமெண்ட் வழிந்து உள்ளே இறங்கக் கூடாது. மெஷின் கால்களுக்கு அடியில் ரப்பர் பேட். பெல்ட் கோணலாக ஓடினாலோ சுத்தியல் பிளேடு ஒருபக்கம் தேய்ந்தாலோ இத்தனையும் வீண். மாதம் ஒருமுறை பாருங்கள்.

தூசிக்கு சைக்ளோனும் (காற்றைச் சுழற்றித் தூசியைப் பிரிக்கும் கூம்பு) துணிப்பையும் வரும். பையைத் திறந்த வெளியில் தொங்கவிடாமல் ஒரு மூடிய கூண்டுக்குள் வையுங்கள், தினமும் உதறுங்கள். பை அடைத்துக்கொண்டால் தூசி வேறு வழியின்றி வாசல் வழியாகத் தெருவுக்கு வரும், புகார் வருவது அன்றைக்குத்தான். வெளியேறும் குழாய் பக்கத்து ஜன்னலைப் பார்க்காமல், அவருடைய மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்கும் மேலே போய் முடிய வேண்டும். மிளகாய்க்கு நேரம் ஒதுக்கிப் பலகையில் எழுதிப் போடுங்கள், பகல் 11 முதல் 1 வரை என்பதுபோல.

சத்தத்துக்கு எண் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதிக்கு 65, 55. பகல் என்பது காலை 6 முதல் இரவு 10 வரை. மெஷின் பக்கத்தில் 85-ஐத் தாண்டுவது சாதாரணம் என்பதால் ஷட்டரைத் திறந்துவைத்து ஓட்டினால் 55-க்குள் நிற்க வழியே இல்லை. 9 அங்குலச் சுவர், பின்பக்க ஜன்னலை அடைப்பது, முன்னால் ஷட்டருக்குப் பின்னே ஒரு கண்ணாடிக் கதவு, இந்த மூன்றும் பெரிய வித்தியாசம் தரும். மாசின் அளவை வைத்துத் தொழில்களுக்கு நிறம் கொடுக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வண்ணப் பட்டியலில் உங்கள் அரவைத் தொழில் எங்கே வருகிறது என்று பார்த்து, வெள்ளை என்றால் தகவல் கடிதம், மற்றது என்றால் இசைவாணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டீஸ் வந்துவிட்டால் கையில் வாங்கியதும் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று பாருங்கள். உள்ளாட்சிச் சட்டத்தில் உரிமம் பற்றியது என்றால் மண்டல அலுவலகத்தில் முடியும். நகர் ஊரமைப்புச் சட்டம் 56, 57 என்று இருந்தால் விஷயம் பெரிது: அனுமதியற்ற வளர்ச்சியை அகற்றவும் நிறுத்தவும் உள்ள அதிகாரம் அது, பூட்டி சீல் வைப்பது வரை போகும். நேரில் போய்ப் பேசிவிட்டு வருவது பதில் ஆகாது. குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். சீல் சம்பந்தமாக அரசிடம் போக அதே சட்டத்தில் 80-ஏ பிரிவு இருக்கிறது. 'பிறகு வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னால், அதே சட்டத்தின் 113-சி திட்டம் 2007 ஜூலை 1 வரை கட்டியவற்றுக்கு மட்டும் என்பதை நினைவில் வையுங்கள். புகாரின் நகலும் தெருவில் ஏற்கெனவே கொடுத்த உரிமங்களின் விவரமும் வேண்டுமென்றால் 10 ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

முதன்மைக் குடியிருப்பு என்று வந்து, பட்டியலில் மில்லுக்கு இடமே இல்லை என்றால்? நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32(4) பிரிவில் நிலப் பயன்பாட்டு மறுவகைப்பாடு கேட்கலாம். சி.எம்.டி.ஏ.வுக்கு விண்ணப்பம், இட ஆய்வு, தொழில்நுட்பக் குழு, பத்திரிகை அறிவிப்பு, 21 நாள் ஆட்சேபணைக் காலம், குழுமக் கூட்டம், அரசிதழ். விளம்பரச் செலவு உட்பட எல்லாம் உங்கள் தலையில். சுற்றிலும் வீடுகள் இருக்க நடுவில் ஒரு 300 சதுர அடியை மட்டும் வணிகமாக்குவதைக் குழுமம் விரும்புவதில்லை, பக்கத்து வீட்டாரின் ஆட்சேபணை ஒன்றே போதும். உங்கள் அளவுக்கு இந்த வழியை நான் சொல்ல மாட்டேன். வாடகை கொடுத்தாலும் பரவாயில்லை, கலப்பு அல்லது வணிக வகையில் உள்ள அகலமான தெருவில் கடை எடுப்பதுதான் மலிவு. அங்கேயும் அட்வான்ஸுக்கு முன்னால் டி.எஸ்.எல்.ஆர்.

ஆனால் தெரு முழுவதற்குமான வாய்ப்பு ஒன்று இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள். 2026 முதல் 2046 வரைக்கான மூன்றாவது மாஸ்டர் பிளான் தயாரிப்புக்கான வேலை தொடங்கிவிட்டது. வரைவு வெளியானால் ஆட்சேபணைக்கும் ஆலோசனைக்கும் குறைந்தது இரண்டு மாதம் தரச் சட்டம் சொல்கிறது. கவுன்சிலர் தீர்மானம் உண்மையில் பயன்படும் இடமும் அதுதான், உங்கள் மனுவுக்குத் துணையாக. பகுதி சபா கூட்டத்தில் (உங்கள் வார்டுப் பகுதி மக்கள் கூடும் கூட்டம்) எழுந்து சொல்லி நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றுங்கள். மனுவில் "எங்கள் தெருவை வணிகமாக்குங்கள்" என்று மட்டும் எழுதினால் அது குவியலில் ஒன்றாகிவிடும். பிளாக் எண், தெருவின் எல்லா சர்வே எண்கள், ஒவ்வொன்றிலும் இன்று என்ன நடக்கிறது, எத்தனை வருடமாக உரிமமும் மின் கட்டண ரசீதும் இருக்கின்றன, குறுகலான இடத்தில் அகலம் எவ்வளவு என்று ஒரு அட்டவணை போட்டு, 'முதன்மைக் குடியிருப்பிலிருந்து கலப்புக் குடியிருப்பு' என்று விதியின் சொல்லிலேயே கேளுங்கள். வீடு மட்டும் வைத்திருப்பவர்களின் கையெழுத்தும் அதில் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரிடமும் கேட்டுப் பாருங்கள்; மேடையும் தூசிக்குழாயும் எங்கே வரப்போகின்றன என்று வரைபடத்தைக் காட்டிவிட்டுக் கேளுங்கள்.